மாதிரி சாம்பார்

சமீபத்தில் அரியலூரில், சத்துணவுப் பிரிவுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் சிலர் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிடுவது ஆபத்தான காரியம். அவனை நிறுத்த முடியாது. ஆனாலும் டீயும் மசால்வடையும் உண்டு என்றார்கள், போனேன். நான் பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தார்.

"சார், இப்ப நாங்க சாப்பாட்ட போட்டோ எடுத்து செல்போன்லயே அனுப்பச் சொல்லிடறோம். உக்காந்த எடத்துலேர்ந்தே பாத்துக்கலாம். அந்தக் காலத்துல நீங்கள்லாம் சாப்பாடு நல்லாருக்கா இல்லியான்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

'அந்தக் காலம்' என்று அவர் சொன்னது போன வருடத்தை. அதை மன்னித்துவிட்டு உண்மையைச் சொன்னேன்.

"நாயப் பாத்துதாம்மா."

அறையே சிரித்தது. வாழ்நாள் முழுக்க நகைச்சுவையாகப் பேசிப் பெயர் வாங்கியவனுக்கு இதுதான் தண்டனை. என்றைக்காவது நிஜத்தைச் சொன்னால் கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன், வடை வந்துவிட்டது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் மாறி மாறி ஒன்றிய அலுவலகங்களில் வேலை பார்த்தவன் நான். கடைசியாகச் சத்துணவுக்கான துணை பி.டி.ஓ. சுருக்கமாக, டெபுட்டி. பள்ளிக்கூடங்களுக்குப் போய், சமையலறையைப் பார்த்து, சாப்பிட்டுப் பார்த்து, 'திருப்திகரம்' என்று எழுதிவிட்டு வரும் உத்தியோகம். உலகத்தில் எல்லோரும் வயிற்றுக்காக வேலை செய்கிறார்கள். வயிற்றாலேயே வேலை செய்தவன் நான். ஒருநாள் ஞாபகப் பிசகில் என் மனைவி வைத்த ரசத்தையும் 'திருப்திகரம்' என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் ஆய்வு செய்வதற்கு ரசமே இருக்கவில்லை.

பயிற்சியென்று பெரிதாக ஒன்றுமில்லை. கை கழுவும் முறை பற்றி ஒருவர் அரை நாள் வகுப்பெடுத்தார். மதியம் அவர் கழுவாமலேயே சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்தோம். அரிசியை மோந்து பார், பருப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார், முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார், மிதந்தால் அது முட்டையல்ல, வினை. இவ்வளவுதான். மற்றதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மேடம்.

மேடத்தின் பெயர் வேண்டாம். அவர் இன்னும் சர்வீசில் இருக்கிறார். நான் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். மாவட்டத்துக்கே சத்துணவைக் கவனிக்கும் அதிகாரி. ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். எதிரே இருப்பவர் குனிந்து காதைக் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும். ஒருமுறை ஒரு பள்ளியில் அவருடைய உதடு அசைந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் அந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் வேறு ஊரில் இருந்தார்.

அவர் ஆய்வு செய்யும் விதமே தனி. ஜீப்பைப் பள்ளிக்கு எட்டத்திலேயே நிறுத்திவிடுவார். நாங்களெல்லாம் நேராகச் சமையலறைக்கு ஓடுவோம். அவர் பிள்ளைகள் தட்டுக் கழுவும் தொட்டிக்குப் போவார். சாக்கடை வாயில் என்ன கிடக்கிறது என்று நின்று பார்ப்பார். "கறிவேப்பில கெடந்தா ஒண்ணுமில்ல. கத்திரிக்கா கெடந்தா வேகல. சோறே கெடந்தா நாம இன்னைக்கு வீட்டுக்குப் போக லேட்டாகும் சார்." பிறகு வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளையின் பின்னால் போய் நின்றுகொள்வார். முதல் பிள்ளைக்கு எல்லோருமே நன்றாகப் போடுவார்கள், கடைசித் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு. அதன் பிறகுதான் சமையலறை. தண்ணீர் டிரம்முக்கு மூடி இருக்கிறதா, சமையலரின் நகம் எப்படி இருக்கிறது, கரண்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் ஒரு வாய் சாப்பிடுவார், நின்றுகொண்டே.

இதற்கெல்லாம் நடுவில் நாயைப் பார்ப்பார்.

"பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் ஒரு நாய் இருக்கும் சார். அதுக்கு யாரும் ஆர்டர் போட்றதில்ல, தானா வந்து ஜாயின் பண்ணிக்கும். சாப்பாடு நல்லாருந்தா புள்ளைங்க தட்ட வழிச்சிருங்க, நாய்க்கு ஒண்ணும் மிஞ்சாது. நாய் எலும்பும் தோலுமா இருந்தா நீங்க கண்ண மூடிக்கிட்டு நல்லா எழுதலாம். நாய் கொழுகொழுன்னு இருந்தா, கண்ணத் தொறந்துக்குங்க."

நான் முதலில் சிரித்தேன். பிறகு சில பள்ளிகளில் ஒப்பிட்டுப் பார்த்தேன். தப்பவே இல்லை. அதன் பின் நாய் பார்ப்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்திக்கு முன்னால் தெருநாயின் விலா எலும்பைத் தேடினேன். போட்டோவில் சாம்பார் விழும், முட்டை விழும். நாய் விழாது. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்.

செந்துறைக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். ஊர் பெயர் வேண்டாம். சமையலர் அஞ்சலை. கணவர் இல்லை, இந்த வேலையை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் கீழத்தெரு. மேலத்தெருவின் சில வீடுகளிலிருந்து பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு வரும். ஏன் என்று கேட்டால், "சத்துணவு புள்ளைக்கு ஒத்துக்கல" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது சாம்பாரா, அதைக் கிண்டிய கையா என்பது ஊருக்கே தெரியும். தெரிந்ததால் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பள்ளி நாய்க்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் டெபுட்டி. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வரும், எல்லாவற்றையும் மோந்து பார்க்கும், சாப்பிடும், போய்விடும். "என்னை வச்சுத்தான் பேரு வச்சாங்களா?" என்று தலைமையாசிரியர் தங்கராசுவிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் இல்லீங்க சார்" என்று சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மேடமும் நானும் முதல்முறை அங்கே போன அன்று சிமென்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் வழியை அடைத்துவிட்டன. போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து, அண்டா கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. பரவாயில்லை, தினமும் சமைத்த உணவில் கொஞ்சம் எடுத்து மாதிரியாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அஞ்சலை ஓர் எவர்சில்வர் சம்படத்தைக் கொண்டுவந்து பணிவாக நீட்டினார். "மாதிரிங்க மேடம்."

நான் அதிலிருந்து ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். சாம்பாரா அது. பருப்பு கரைந்து, பெருங்காயம் மணந்து, முருங்கைக்காய் வெந்தும் குழையாமல். இரண்டாவது கரண்டி ஆய்வுக்காக அல்ல, எனக்காக.

மேடமும் சாப்பிட்டார். வெளியே வந்து தட்டுக் கழுவும் தொட்டியைப் பார்த்தார். பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் டெபுட்டி படுத்திருந்தார். எழுந்து நிற்கவே யோசிக்கும் உடம்பு.

ஜீப்பில் ஏறியதும் மேடம் சொன்னார். "சாம்பார் ஒண்ணு சொல்லுது, நாய் ஒண்ணு சொல்லுது."

"நீங்க யார் பக்கம் மேடம்?"

"நாய்க்குப் பொய் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல சார். இன்னொரு நாள் பந்திக்கு முன்னாடியே வருவோம்."

அந்த இன்னொரு நாள் வருவதற்குள், ஒரு பிற்பகல் தங்கராசு போனில் அழைத்தார். "சார், புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க."

மேடமும் நானும் போவதற்குள் ஆம்புலன்ஸ் பிள்ளைகளைச் செந்துறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டது. பயப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் பேசுகிறார்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். அதனால் பள்ளி வாசலில் கூடியிருந்தவர்களுக்குப் பயம் தெளிந்து கோபம் வந்திருந்தது. முன்னால் நின்றவர் கதிர்வேல். மேலத்தெரு, ஊராட்சியில் உறுப்பினர், பேத்தி நிவேதா அங்கேதான் நாலாவது படிக்கிறாள், அவளும் ஆஸ்பத்திரியில்.

"இந்தம்மாவ இன்னைக்கே அனுப்பிடுங்க" என்றார் கதிர்வேல். "நாங்க அன்னைலேர்ந்து சொல்லிக்கிட்டுத்தான இருக்கோம்."

"அனுப்புனா மட்டும் போதுமாண்ணே? கேஸ் போடச் சொல்லுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அஞ்சலை சமையலறைச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. "நா ஒண்ணும் கலக்கல சார். எம் புள்ள மேல சத்தியமா ஒண்ணும் கலக்கல" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு வீரம் வந்தது. எனக்கு எப்போதாவதுதான் வரும், வரும்போதெல்லாம் தப்பான இடத்தில் வரும். "அமைதியா இருங்க" என்று படியில் ஏறி நின்றேன். "இன்னைக்குச் சமைச்ச சாப்பாட்டுல மாதிரி எடுத்து வச்சிருக்கு. அது லேபுக்குப் போகும். கெட்டிருந்தா அதுல தெரிஞ்சிடும். கெடலைன்னா அதுலயும் தெரிஞ்சிடும். இதுக்குத்தான் அரசாங்கம் இப்படி ஒரு ஏற்பாடு வச்சிருக்கு." சொல்லிவிட்டு, சம்படத்தை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி திறந்தேன். பெருங்காய வாசனை கூட்டத்தின் மேல் பரவியது. ஓரிருவர் தங்களை அறியாமல் மூக்கை இழுத்தார்கள்.

அதே நேரம் எனக்குப் பின்னால் மேடம் அண்டாவின் மூடியைத் தூக்கினார். அடியில் அன்றைய சாம்பார் மீதமிருந்தது. தண்ணீர் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், பாகப்பிரிவினை வழக்கில் நிற்கும் பங்காளிகளைப் போல.

மேடம் அண்டாவைப் பார்த்தார். என் கையிலிருந்த சம்படத்தைப் பார்த்தார்.

"அஞ்சலை, இது ரெண்டும் ஒரே சாம்பாரா?"

"இல்லீங்க மேடம்" என்றார் அஞ்சலை, இதில் என்ன சந்தேகம் என்பது போல. "அது மாதிரி. இது புள்ளைங்களுக்கு."

"மாதிரின்னா?"

"மாதிரின்னா நல்லாருக்கணும்லங்க. மீட்டிங்ல சொன்னாங்களே, தெனம் மாதிரி வைக்கணும்னு. மாதிரிப் பள்ளிக்கூடம்னா நல்ல பள்ளிக்கூடந்தானங்க? அதான் சின்ன சட்டில தனியா நல்லதா வச்சு எடுத்துருவேன். ஒரு நாளு தவறுனதில்லீங்க."

தங்கராசுவின் முகம் மாறியது. "அப்ப தெனம் நா ருசி பாக்கறது?"

"அதுவும் மாதிரிதான் சார்."

தமிழின் இனிமை பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் நிறையப் படித்திருக்கிறேன். அதன் ஆபத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. சோற்றுப் பதத்துக்கு எடுக்கும் ஒரு சோறும் மாதிரி. ஊரே பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதும் மாதிரி. ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தது மொழியின் சிக்கனம். அந்தம்மா இரண்டாவது அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு, தினமும் மெனக்கெட்டு, விதியை எங்கள் யாரையும்விடச் சிரத்தையாக மீறிக்கொண்டிருந்தார்.

என் பிரசங்கம் என் கண்ணெதிரே செத்தது. லேபுக்கு இனி எதை அனுப்பி என்ன.

"பாத்தீங்களா?" என்று கதிர்வேல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஆபீசருக்குத் தனி, புள்ளைங்களுக்குத் தனி. நல்லா ஆக்கத் தெரியுதுல்ல? அண்டாவுல ஏன் ஆக்கல?"

"போர்த் தண்ணில பருப்பு வேகாதுங்க" என்றார் அஞ்சலை. "பூரா சுண்ணாம்பு. எம்புட்டு நேரம் எரிச்சாலும் அப்படியே கெடக்கும். மாதிரிக்கு மட்டும் ஒங்க தெருக் கொழாயில ஒரு கொடம் கொள்ளிடத் தண்ணி புடிச்சாருவேன். அதுக்கே ஏச்சு விழுது. அண்டாவுக்கு எத்தன கொடம் தூக்கறது?"

கதிர்வேல் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். கூட்டம் விடவில்லை. தனித்தனியாகச் சமைத்தது அஞ்சலை வாயாலேயே வந்துவிட்டது. இதற்கு மேல் வேறென்ன வேண்டும் என்று ஆளாளுக்குச் சத்தம். அஞ்சலையின் வேலை அன்று மாலையைத் தாண்டாது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது மேடம் பேச ஆரம்பித்தார். குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. கேட்பதற்காகக் கூட்டம் தானாகவே அடங்கியது.

"தலைமையாசிரியர் சார், ஆஸ்பத்திரிக்குப் போன புள்ளைங்க யார் யாரு?"

தங்கராசு பெயர்களைச் சொன்னார்.

"இதுல டிபன் பாக்ஸ் புள்ளைங்க எத்தன பேரு?"

தங்கராசு விரல்விட்டு எண்ணினார். பிறகு, "பாதிக்குப் பாதி மேடம்" என்றார்.

மேடம் கதிர்வேலிடம் திரும்பினார். "ஐயா, உங்க பேத்தி சாப்பிட்டது அண்டா சாம்பாரா, மாதிரி சாம்பாரா?"

"எங்க வூட்டுப் புள்ள இங்க சாப்பிடாதுங்க."

"இன்னைக்கு மட்டும் ஒரு வாய் சாப்பிட்டிருக்குமோ?"

"ஒரு நாளும் கெடயாது." கதிர்வேல் நெஞ்சை நிமிர்த்தினார். "கைய நனைக்காது. வூட்லேர்ந்து நெய் ஊத்திப் பெசஞ்சு குடுத்து வுட்றோம்."

"அப்ப உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கும் மாதிரி எடுக்கணுமேய்யா" என்றார் மேடம்.

கதிர்வேல் வாயைத் திறப்பதற்குள் டெபுட்டி எழுந்து, அண்டாவுக்குப் பக்கத்தில் சிந்திக் கிடந்ததை நக்கிவிட்டு, திருப்தியாக வாலை ஆட்டினார். அவர் மதியத்திலிருந்தே அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து இரண்டு சாம்பாரையும் எடுத்துப் போனார். பின்னால் இரண்டிலும் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. ஆனால் எங்களுக்கு அன்றே தெரிந்துவிட்டது. மேடம் கதிர்வேலையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நிவேதா கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் கீழத்தெருப் பெண் ஒருத்தி, அதே பாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெளாடறப்ப என்னடா கண்ணு சாப்டீங்க?" என்று மேடம் கேட்டார்.

நிவேதா தாத்தாவைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்தாள். "வேலில காச்சிருந்துச்சு. ஒடச்சுப் பாத்தோம். உள்ள கடல மாதிரியே இருந்துச்சு."

காட்டாமணக்கு விதை. டாக்டர் தலையை ஆட்டினார். அவருக்கு முன்பே சந்தேகம் இருந்ததாம். அன்று பூராவும் என்னை அலைக்கழித்த சொல் கடைசியில் இந்தக் குழந்தையின் வாயில் வந்து மூன்றாவது அர்த்தத்தோடு நின்றது.

"யாரு மொதல்ல தின்னது?" என்று கதிர்வேல் அதட்டினார்.

"எல்லாருந்தான் தாத்தா. பங்கு வச்சுத் தின்னோம்."

வராந்தாவுக்கு வந்ததும் மேடம் கதிர்வேலிடம் அஞ்சலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கொள்ளிடத் தண்ணிக் கொழா உங்க தெருவோட நிக்குது போலருக்கே. பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தா பருப்பு வேகும்" என்றார். கதிர்வேல் "பாப்போம்" என்றார். நம் ஊரில் 'பாப்போம்' என்றால் இல்லையென்று பொருள். ஆனால் மழைக்கு முன்பே குழாய் வந்துவிட்டது. புள்ளைங்க குடிக்கறதுக்குத்தான் போட்டது, சாம்பாருக்காக இல்லை என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னதாகக் கேள்வி. சாம்பாருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, பருப்பு வெந்தது. அஞ்சலைக்கு வேலை நிலைத்தது. மேடம் அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் 'மாதிரி' என்ற சொல்லை உபயோகிக்கவில்லை. "அண்டாவிலேர்ந்து ஒரு கரண்டி" என்பார். எங்களையும் அப்படியே சொல்ல வைத்தார். டெபுட்டி மாதத்துக்கு மாதம் இளைத்தார். விலா எலும்பு தெரிந்த அன்று நான் மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன்.

டிபன் பாக்ஸ்கள் மட்டும் நிற்கவில்லை. குழாய் தெருவைத் தாண்டி வந்ததே, அதற்கு மேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் கடைசியாக ஒருமுறை அங்கே போனேன். வாசலிலேயே தூக்கிவாரிப் போட்டது. டெபுட்டி மறுபடி கொழுத்திருந்தார். முன்பைவிட அதிகம், முடியில் ஒரு பளபளப்பு வேறு. நேராகத் தொட்டிக்கு ஓடினேன். கறிவேப்பிலையைத் தவிர ஒன்றுமில்லை. அண்டாவிலிருந்து ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பழைய சம்படத்துச் சாம்பார்தான், அப்படியே.

"அஞ்சலம்மா, சாப்பாடு மிஞ்சுதா?"

"வழிச்சி நக்கிருதுங்க சார். எனக்கே மிஞ்ச மாட்டேங்குது."

"அப்பறம் இவரு எப்படி இப்படி ஆனாரு?"

அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

போய்ப் பார்த்தேன். நிவேதாவும் இன்னும் நாலைந்து மேலத்தெருப் பிள்ளைகளும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சத்துணவுத் தட்டுகள் பளபளவென்று காலியாகப் பக்கத்தில் கிடந்தன. நடுவில் டெபுட்டி. அவருக்கு முன்னால் வரிசையாகத் திறந்த டிபன் பாக்ஸ்கள்: நெய்ச் சாதம், தயிர்ச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல்.

நிவேதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பாக்ஸ் காலியா போவணும் சார். தாத்தா தொறந்து பாப்பாரு."

நான் பார்க்காதவன் போலத் திரும்பி வந்துவிட்டேன். ஜீப்பில் ஏறி மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார்.

"மேடம், டெபுட்டி மறுபடி குண்டாயிட்டாரு."

"ரிட்டையர் ஆகப்போறீங்க. இனிமே குண்டானா என்ன சார்."

"நானில்ல மேடம்." விஷயத்தைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபம் வந்துவிட்டதோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு, மிகவும் இறங்கிய குரலில் கேட்டார்.

"நாய்க்கு ஒத்துக்குதா?"

"நல்லா ஒத்துக்குது மேடம்."